டொக்டர் கேட்டார், நான் கேட்கவில்லை

போன கிழமை கண்டியில் ஒரு புடவைக்கடை. என் மனைவி, சட்டை போட்டுப் பார்க்கும் சின்ன அறைக்குள் போய்த் திரையை இழுத்தாள். இரும்பு வளையங்கள் கம்பியில் உரசிக்கொண்டு ஓடின. கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்த நான் விருட்டென்று எழுந்துவிட்டேன். "தண்ணி வேணுமா அங்கிள்?" என்று கடைப்பெண் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேறோர் அறையில், இதே போன்ற திரை ஒன்றை நான் இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை ஒருவனின் உயிர் அதில் மாட்டிக்கொண்டது.

புதிதாக வெள்ளைச் சீருடை போட்டிருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். நல்ல வார்த்தை கைவசம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. பாதி என்மேல், மீதியை எல்லோருக்கும் பங்கு போடலாம், அவ்வளவு இருக்கிறது.

வயது வருமுன்பே ஓய்வு எடுத்துக்கொண்டவன் நான். அதற்கு முன் சத்திரசிகிச்சை கிளினிக்கில் ஆண் தாதியாக வருடக்கணக்கில் நின்றேன். நின்றேன் என்பதுதான் சரி. உட்கார இடம் இருந்ததில்லை. டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களத்தில் பேசுவார்கள். கலஹாவிலிருந்தும் ஹேவாஹெட்டயிலிருந்தும் இருட்டோடு பஸ் ஏறி வருகிற எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனம் தமிழில் பேசும். நடுவில் நான். மொழிபெயர்ப்பாளன் என்று யாரும் என்னை நியமிக்கவில்லை. 'தமிழ் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான்தானே' என்பதே நியமனம். ஒரு மனிதனின் வலி என் காதில் தமிழாக நுழைந்து வாயில் சிங்களமாக வெளியேறும். ஒரு நாளைக்கு எத்தனையோ வலிகள். வழியில் எதைச் சிந்தினேன், எதை விழுங்கினேன் என்று பார்க்க ஆள் இல்லை.

ஆணுக்கு மார்பு வீங்கினால் உலகத்துக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பிடித்து அறைய வேண்டும் போலிருக்கும் எனக்கு. பச்சைப் பிள்ளைக்கு வீங்கும். தாயின் சுரப்பு பிள்ளையின் உடம்பில் மிச்சம் இருப்பதால் மார்பு புடைக்கும், ஒரு சொட்டுப் பால்கூடக் கசியும். கை வைக்காமல் விட்டால் சில கிழமைகளில் வடிந்துவிடும். விடமாட்டார்கள். எண்ணெய் தடவிப் பிதுக்குவார்கள். "பால எடுத்து வுடாட்டி பெரிசானதும் பொம்பள மாதிரி ஆயிருவான் சேர்" என்று என்னோடு சண்டைக்கு நின்ற மாமியார் ஒருத்தி இருந்தாள். அவள் பிதுக்கிய இடத்தில் சீழ் கட்டி, பிறந்து பத்து நாள் ஆன உடம்பில் கத்தி வைத்தோம். அந்தப் பிள்ளை அழுத அழுகை என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

பிறகு பதின்மூன்று, பதினான்கு வயதில் வீங்கும். ஆணாகும் அவசரத்தில் உடம்பு கொஞ்சம் தடுமாறுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே அடங்கும். அந்த வயதுக்கு மருந்து பொறுமைதான். போகாமல் நிலைத்து நின்று, பிள்ளை அதனால் கூனிக் குறுகிப் போனால் அப்போது கத்தியைப் பற்றி யோசிக்கலாம். பிறகு முதுமையில் வீங்கும். ஈரலையும் குடியையும் குடிக்கிற மாத்திரைகளையும் விசாரிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கல்லாகி, காம்பு உள்ளே இழுத்திருந்தால், ஆணுக்கும் மார்புப் புற்று வரும் என்பது நினைவிருக்க வேண்டும்.

இந்த மூன்று வாசலிலும் வராமல் ஒருவன் வந்தால்? இருபத்துமூன்று வயதில், திடீரென்று, சில மாதத்தில் வளர்ந்து, தொட்டால் வலிக்கிற மார்போடு? அவனிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. விதையில் கட்டி இருக்கிறதா? விதையில் வளரும் சில கட்டிகள் ஒரு சுரப்பை இரத்தத்தில் கலக்கும். நோய் கீழே ஒளிந்திருக்க, மார்பு மேலே வீங்கிக் காட்டிக்கொடுக்கும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தவன் நான்.

லோகநாதன் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கூட வந்தவள் அவனுடைய அக்கா ராணி, கொழுந்து பறிக்கிறவள். தாய் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். எங்கள் அறையில் ஒரே நேரத்தில் மூன்று நோயாளிகளைப் பார்ப்போம். ஒருவர் சட்டையைக் கழற்ற, ஒருவர் நெஞ்சைக் காட்ட, ஒருவர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். லோகநாதன் கழற்ற மாட்டேன் என்று நின்றான். இரண்டு தரம் சொன்ன பிறகு கழற்றினான். உள்ளே, கிழித்த சேலைத் துணியால் மார்பை இறுக்கிச் சுற்றியிருந்தான். துணி இறுக்கிய இடமெல்லாம் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"பீலியில குளிக்கிறதையே வுட்டுட்டான் சேர்," என்றாள் ராணி. மலைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருக்கும் இடம் பீலி. வேலை விட்டு வந்து ஆண்கள் எல்லாம் ஒன்றாகக் குளிப்பார்கள். "குளிச்சாலும் எல்லாரும் போனப்புறம், சட்டையோட. கூட்டாளிமாரு கேலி பண்றாங்களாம். தையில கல்யாணம் வச்சிருக்கு. அதுக்கு முந்தி எப்பிடியாவது வெட்டி எடுத்துருங்க சேர்."

பக்கத்து மேசையருகே நின்ற சிற்றூழியர், "மாப்பிள்ளைக்கும் சேத்து ஒரு பிளவுஸ் தைக்கக் குடுத்துருங்க தங்கச்சி," என்றார். அறை சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். இதையும் எழுதி வைக்கிறேன். என்னை நல்லவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

டொக்டர் அவன் மார்பைத் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம்தான் பெரிது. புருவம் சுருங்கியது. என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார்: "விதையில் கட்டி, வீக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேள். திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போ. நான் வந்து பார்க்கிறேன்."

திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலில் பழைய கோப்புக் கட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வாசலில் சனம் ஒருவரையொருவர் நெரித்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து டொக்டரின் போன் அடித்தது. அவசரப் பிரிவு. நான் லோகநாதனைப் பார்த்தேன். அவன் தோளோடு ஒட்டி அக்கா நின்றாள்.

நானும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். அக்காவின் முன்னால் தம்பியிடம் அந்த இடத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை. டொக்டர் என் வாயில் வைத்த கேள்வியை மென்று, எலும்பெல்லாம் துப்பிவிட்டு, சதையை மட்டும் நீட்டினேன்.

"வேற எங்கயாச்சும் கட்டி, வலி இருக்கா தம்பி?"

அவன் அக்காவைப் பார்த்தான். "இல்லீங்க சேர்."

"நே, சேர்," என்றேன் டொக்டரிடம். இல்லை, சேர்.

டொக்டர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கோப்பில் எழுதினார். விதைகள் சாதாரணம். என் வாயை நம்பி எழுதினார். தன் கண்ணால் பார்க்காமல் எழுதினார். மார்புச் சத்திரசிகிச்சைக்கு மூன்று மாதம் கழித்து ஒரு திகதி கொடுத்தோம். போகும்போது ராணி என்னைக் கும்பிட்டாள்.

"நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருக்கிறது எவ்வளவு தைரியம் சேர்."

நாலு கிழமை போயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி ஒரு தாதி எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். வந்த இரண்டாம் கிழமை, வத்தேகமவில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் வந்தார். எழுபதை எட்டியவர். இரண்டு மார்பும் வீங்கி, அதை மறைக்க அந்த வெயிலிலும் இரண்டு பனியன். கூட மனைவியும் மருமகனும். நான் கோப்பு எடுக்கப் போய்த் திரும்பி வாசலுக்கு வரும்போது அவள் வேலையைத் தொடங்கியிருந்தாள்.

"அம்மா, நீங்களும் மருமகனும் ஒரு அஞ்சு நிமிசம் வெளியிலை நில்லுங்கோ. ஹாஜியாரோடை நான் தனியக் கதைக்கோணும்."

அவர்கள் போனார்கள். முகம் சுளிக்கவில்லை. "நல்லா ஏசி விடுங்க மகள், என்ன மருந்து குடிக்கிற எண்டு எனக்கும் செல்றாரில்ல," என்று அந்த அம்மா போகிற போக்கில் கோள்கூடச் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னென்ன குளிசை போடுறியள் ஹாஜியார்? எல்லாத்தையும் மேசையிலை வையுங்கோ. குடிப்பழக்கம் இருக்கோ?"

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! என்ன கேள்வி மகள் இது?"

"எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். கீழை விதையிலை கட்டி, வீக்கம் ஏதும் இருக்கோ?"

ஹாஜியார் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "இல்ல மகள். அங்க ஒண்ணுமில்ல. நெஞ்சுதான் இப்பிடி ஈக்கிது."

இருதயத்துக்காக அவர் குடித்துவந்த, உடம்பின் நீரைப் போக்கும் ஒரு மாத்திரைதான் அவருக்குக் காரணம். டொக்டர் இருதயக் கிளினிக்கோடு பேசி அதை மாற்றிக் கொடுக்க, சில மாதத்தில் மார்பு இளகி வடிந்தது. கத்தி வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நிமிடம் நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். நான் விழுங்கிய கேள்வியை ஒருத்தி தமிழில், ஐந்தாறு சொல்லில், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. பதில் சொல்லும் முன் அக்காவின் பக்கம் திரும்பிய லோகநாதனின் கண் எனக்குள் மெல்லத் திறந்தது. இல்லாதவன் எதற்கு அக்காவைப் பார்க்க வேண்டும்?

"என்னண்ணை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றாள் அவள்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் முகத்தில் இரக்கம் ஒன்றும் வரவில்லை.

"அப்ப ஏன் இன்னும் நிக்கிறியள்?"

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கோப்பை எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்கு நடந்த அந்த இருபது அடியில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. சத்தமில்லாமல் அவனைத் திரும்பக் கூப்பிடலாம். வழமையான பரிசோதனை என்று சொல்லலாம். யாருக்கும் எதுவும் தெரியவராது. கோப்பில் இருப்பது டொக்டரின் கையெழுத்து. என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் வழமையாகக் கூப்பிட்டால் அவன் வழமையான வரிசையில்தான் நிற்பான். அவனுக்கு நாளைக்கே ஸ்கேன் வேண்டும். அதற்கு நான் செய்ததை நான் சொல்ல வேண்டும். தப்பித்துக்கொள்ளும் வழி எப்போதும் நோயாளியின் நாட்களைத் தின்றுதான் போகும். இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரமாட்டார்கள்.

டொக்டர் கத்தினார். கதவு திறந்திருக்க, கிளினிக் முழுக்கக் கேட்கக் கத்தினார். "நீ சொன்னதை நம்பி எழுதினேனே!" என்றார். "ஆமாம் சேர்," என்றேன். "கூட்டிக்கொண்டு போ என்று சொன்னேனா இல்லையா?" "சொன்னீர்கள் சேர். நான் செய்யவில்லை. நீங்களும் வந்து பார்க்கவில்லை, சேர்."

என் வேலை அந்த நிமிடமே முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கோப்பை இழுத்து, தான் எழுதிய வரியைக் கோடு போட்டு வெட்டினார். 'பரிசோதிக்கப்படவில்லை' என்று அதன் மேலே எழுதி, அன்றைய திகதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தார். "ஸ்கேனுக்கு நான் பேசுகிறேன். எப்படியாவது அவனைக் கூட்டி வா," என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்தக் கோட்டுக்காக மரியாதையும் உண்டு.

கோப்பில் இருந்த போன் இலக்கம் வேலை செய்யவில்லை. அரைநாள் லீவு போட்டு கலஹா பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்தை விசாரித்து, ஏற்றம் ஏறிப் போய்ச் சேரும்போது வேலை விட்டவர்கள் குளித்து முடித்துப் போயிருந்தார்கள். பீலியடியில் அவன் மட்டும், நனைந்த சட்டை உடம்போடு ஒட்ட, தலையைக் கொடுத்து நின்றான்.

"சேர்? ஆபரேசன் திகதிய மாத்திட்டாங்களா?"

"ஒண்ணு கேக்கணும் தம்பி. ஒன் விதையில கட்டி ஏதாச்சும் இருக்கா?"

தண்ணீர் அவன் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் விலகவில்லை.

"இருக்கு சேர். ஏழெட்டு மாசமா. எடது பக்கம். வலியில்ல, கல்லு மாதிரி இருக்கு."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நான் விளக்கினேன். நாளைக்கு ஸ்கேன், கட்டிதான் என்றால் அந்த விதையை எடுக்க வேண்டி வரும். அவன் நுரைத்த சவர்க்காரத்தைக் கல்லில் ஓங்கி அடித்தான்.

"மேல பாத்துட்டு பொம்பளங்கிறானுங்க. கீழயும் எடுத்துட்டா நான் என்னா சேர்? தையில கல்யாணம். போங்க சேர், நான் வரல. போங்க!"

சின்ன விஷயம்தான், பயப்படாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. முன்பும் இந்த நாக்குத்தான் அவனுக்குக் குழி வெட்டியது. செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி அவன் முன்னால் நின்றேன்.

"ஒண்ணு போனாலும் மத்தது இருக்கும். ஆம்பளையாத்தான் இருப்ப, கல்யாணம் கட்டலாம். இத வுட்டு வச்சா செத்துப் போவ. பயமுறுத்துறேன்னு நெனைக்கிறியா? ஆமா, பயமுறுத்தத்தான் வந்தேன். அன்னைக்கு வெக்கப்பட்டது நான். இன்னைக்கு நீயும் வெக்கப்பட்டா, ரெண்டு பேருமா சேந்து ஒன்னக் கொன்னுருவோம்."

"என்னா சேர், என்னா கொல்றது?" என்று மேலே பாதையில் ஒரு குரல். ராணி, கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கவில்லை. நான் லோகநாதனைப் பார்த்தேன். அது அவனுடைய உடம்பு, அவன்தான் அனுமதி தர வேண்டும். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சொல்லுங்க," என்றான்.

சொன்னேன். நான் கேட்காமல் விட்டதையும் சேர்த்து.

"நான் பக்கத்துல நின்னதாலயா கேக்கல?"

"ஆமாம்மா."

"இவன் பீத்துணி தொவைச்சவ நான். கொஞ்சம் வெளிய நில்லு ராணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேனே! எனக்கா வெக்கம்? ஒங்களுக்கு வெக்கம். ஒங்க வெக்கத்தத் தூக்கி என் தலையில வச்சிட்டீங்களே சேர்!"

நம்ம சனத்தின் மானம், நம்ம பழக்கம் என்று நான் காப்பாற்றியது யாருடையது என்று அந்த ஒரு மூச்சில் அவள் எனக்குக் காட்டிவிட்டாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. அவளுக்காக நானே கூச்சப்பட்டு, அவளுக்காக நானே முடிவெடுத்து, அவள் வளர்த்த பிள்ளையை ஆபத்தில் நிறுத்தியிருந்தேன். கூடையை இறக்கி வைத்தாள். தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னாடா நிக்கிற? தலையத் தொவட்டு. விடிய மொத பஸ்ஸு."

விடிந்து அவர்கள் வந்தார்கள். ஸ்கேன் எடுத்தோம். கட்டிதான். அந்தக் கிழமையே இடது விதையை எடுத்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நோய் பரவியிருந்தது, ஆகவே புற்றுக்கு மருந்தேற்றவும் வேண்டியிருந்தது. முதல் நாள் வந்தபோதே பரவியிருந்ததா, நான் தொலைத்த ஐந்து கிழமையில் பரவியதா? டொக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். யாராலும் சொல்ல முடியாது. அந்தத் 'தெரியாது'தான் எனக்கு விழுந்த தீர்ப்பு; அதற்கு மேல்முறையீடு இல்லை.

தலைமயிர் கொட்டியது. வாய் புண்ணானது. தை போயிற்று, சித்திரையும் போயிற்று. கல்யாணப்பெண் ஒரு நாள் வாட்டுக்கு வந்து, கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமலும் இருக்கத் தெரிய வேண்டும். மார்பு தானாகவே இறங்கிவந்தது. நாங்கள் கொடுத்திருந்த மார்புச் சத்திரசிகிச்சைத் திகதி வந்த அன்று, பெயர்ப் பட்டியலிலிருந்து நானே அவன் பெயரை வெட்டினேன்.

இதற்கிடையில் ஒரு காலை, திரைக்குப் பின்னால் கிடந்த கோப்புக் கட்டுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து நிர்வாக அலுவலகத்தின் வாசலில் அடுக்கினேன். அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கூடச் சுமந்தாள். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. 'கட்டில் நோயாளிக்கு வேண்டியிருந்தது' என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். உங்கள் கிளினிக்கிலும் ஒரு கட்டில் எதையாவது சுமந்துகொண்டு கிடக்கும், போய்ப் பாருங்கள். சிரிக்கிறவனைச் சிரிக்க விடாதீர்கள். கூட வந்தவரை மரியாதையாக வெளியே நிற்கச் சொல்லுங்கள். டொக்டர் கேட்டதைக் கேட்டபடி கேளுங்கள்; சொல் கூசினால் உங்கள் கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், சம்பளம் அதற்கில்லை.

கடைசி மருந்தேற்றி, இரத்தப் பரிசோதனையும் நல்லபடி வந்து, அவன் வீட்டுக்குப் போன நாளில் பஸ் நிலையம் வரை கூடப் போனேன். ராணி முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். மண்டையில் பூனைமயிர் மாதிரி முடி அரும்பியிருந்தது அவனுக்கு. சட்டை நெஞ்சில் தட்டையாகக் கிடந்தது. பல மாதமாக நெஞ்சில் கிடந்ததை அங்கேதான் சொன்னேன்.

"என்ன மன்னிச்சிரு தம்பி."

அவன் ஏறிப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் நிறையச் சனம்; பாதிக்கு மேல் பெண்கள், மடியில் கடைப் பைகள். கொண்டக்டர் மணியை அடித்தார். பஸ் நகர்ந்தது. நான் திரும்பி நாலு அடி நடந்திருப்பேன். அக்காவைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, நிலையம் முழுக்கக் கேட்க அவன் கத்தினான்:

"சேர்! ஒங்க விதையில கட்டி கிட்டி இருக்கான்னு நீங்க பாத்தீங்களா? மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும் சேர், சொல்லிட்டேன்!"